ஸ்டோரிவீவர் முதல் லிப்பி வரை: பிள்ளைகளுக்கான இணைய நூலகங்கள்

காசு கொடுக்காமல், சட்டப்படி, தாய்மொழியிலேயே படக்கதைகள் வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய தளம் இது. இப்போது 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் கிடைக்கின்றன. தமிழிலும் தாராளமாக இருக்கின்றன. திரையில் படிப்பதற்குக் கணக்கு தேவையில்லை. பதிவிறக்கத்துக்குத் தேவை. அந்தக் கணக்கைப் பெற்றோரின் மின்னஞ்சலில் தொடங்குவதே சரி.

கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேல் போனால் நான்காவது. இந்த அளவுகோலைத் தமிழுக்கு அப்படியே நம்பக் கூடாது. தமிழில் ஒரே சொல் நீண்டு கிடக்கும். ‘பறந்துகொண்டிருந்தது’ என்பது கணக்கில் ஒரு சொல்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ அது ஒரு மலை. அதனால் சொல் எண்ணிக்கையையும் நிலை எண்ணையும் விட்டுவிட்டு, கதையின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு சொல்லில் தடுமாறினால் நல்ல தேர்வு. இரண்டு வரிக்குள் மூன்று இடத்தில் நின்றால், அந்தக் கதையை நீங்கள் படித்துக் காட்டலாம். பிள்ளை தானாகப் படிக்க முதல் நிலைக்கு இறங்குங்கள். கேட்கும் கதை எப்போதும் படிக்கும் கதையைவிட ஒரு நிலை மேலே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

இந்தத் தளத்தின் பெரிய பலம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்பது. பலவீனமும் அதுவே. பதிப்பகங்கள் வெளியிட்ட கதைகளும் தன்னார்வலர்கள் சேர்த்தவையும் ஒரே தேடலில் கலந்து வரும். தன்னார்வலர் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் ர–ற, ன–ண குழப்பமும், பேச்சு நடையும் எழுத்து நடையும் ஒரே பக்கத்தில் மாறி மாறி வருவதும் உண்டு. இப்போதுதான் படிக்கக் கற்கும் பிள்ளை அச்சில் கண்ட வடிவத்தையே சரியென்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆகவே கதையின் விவரப் பக்கத்தில் யார் வெளியிட்டது, யார் மொழிபெயர்த்தது என்று பாருங்கள். பதிப்பகத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இல்லையென்றால் முழுக் கதையையும் நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள்; ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 என்ற திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிடலாம், பிரதி எடுத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம், எளிமையாக்கித் திருத்தி எழுதலாம். மூல ஆசிரியர், ஓவியர் பெயர்களையும் உரிமத்தையும் சொல்ல வேண்டும், திருத்தியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். பிடிஎஃப் கோப்பின் கடைசிப் பக்கங்களில் அந்த விவரங்கள் இருக்கும். அச்சிடும்போது அவற்றை விட்டுவிடாதீர்கள்.

அச்சிடுவதில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பக்கங்கள் பெரும்பாலும் அகலவாக்கில் இருக்கும். தாளை நடுவில் மடிக்கும் ‘புக்லெட்’ அமைப்பில் கொடுத்தால் ஏ4 தாளில் மேலும் கீழும் வெள்ளை விட்டு எழுத்து சுருங்கிவிடும். அதற்குப் பதில் தாளை நெடுக்காக வைத்து, ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்று ஒருபுறம் மட்டும் அச்சிடுங்கள். குறுக்கே நடுவில் வெட்டி, வரிசையாக அடுக்கி, இடது ஓரம் இரண்டு பின் அடித்தால் கையடக்கப் புத்தகம் தயார். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதாக இருந்தால் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: அடர்ந்த வண்ணப் படத்தின் மேல் எழுத்து வரும் பக்கங்களில் சொற்கள் படத்தோடு கரைந்துபோகும். அச்சுக்கு உயர் தெளிவுக் கோப்பு, கைப்பேசிக்குக் குறைந்த தெளிவுக் கோப்பு.

குரலோடு சேர்ந்து வரிகள் ஒளிரும் கதைகளும் உள்ளன. பிள்ளை விரலால் வரியைத் தொடர்ந்தால்தான் அவற்றால் வாசிப்புக்குப் பயன். இல்லாவிட்டால் இன்னொரு காணொளி பார்த்ததாகவே முடியும்.

பிள்ளை சொன்ன கதையை அங்கேயே தட்டச்சு செய்து, படங்கள் சேர்த்து வெளியிடவும் வசதி இருக்கிறது. அருமையான வசதி. ஆனால் வெளியிட்டதும் அது திறந்த உரிமத்துக்குள் போய்விடும். பிறகு நீங்கள் நீக்கினாலும், ஏற்கெனவே எடுத்தவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, புகைப்படம் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

பழைய, அச்சில் இல்லாத சிறுவர் நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையச் சேமிப்பகம் உதவும். கடன் முறைப் புத்தகங்களில் பலவற்றை ஒரு மணி நேரத்துக்கு எடுக்கலாம், வேறு யாரும் காத்திருக்காவிட்டால் மீண்டும் எடுக்கலாம். பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில் 2023இல் இந்தத் தளத்துக்கு எதிராக வந்த தீர்ப்பு 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் உறுதியானது; ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கடன் வரிசையிலிருந்து போய்விட்டன. பக்கம் இருக்கும், புத்தகம் திறக்காது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் கணக்கில் கோளாறு இல்லை. பிள்ளையைத் தனியாகத் தேடவிடும் இடமல்ல இது, பெரியவர்களுக்கான உள்ளடக்கமும் அதே கிடங்கில்தான் இருக்கிறது.

லிப்ரிவாக்ஸ் 2005 முதல் பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர் குரலில் தருகிறது. ஒரே நூலில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறலாம். சின்னப் பிள்ளைகள் அதில் கதையைத் தவறவிடுவார்கள். ஒருவரே முழுவதும் படித்த பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

நூலகத்தின் மின்னூல்களைக் கைப்பேசியிலேயே கடன் எடுக்க லிப்பி செயலி சிறப்பானது. நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் சேவையில் உங்கள் நூலகம் சேர்ந்திருந்தால் மட்டுமே பயன்படும், ஆகவே நிறுவும் முன் நூலகரிடம் கேளுங்கள். உறுப்பினர் அட்டை எண்ணும், பல நூலகங்களில் கடவு எண்ணும் வேண்டும். நூலகம் வாங்கியிருக்கும் பிரதிகளுக்கு ஏற்பத்தான் கடன் என்பதால் பெயர்பெற்ற புத்தகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். முன்பதிவு செய்த நான்கு புத்தகம் ஒரே வாரத்தில் வந்து குவிந்தால் ‘பின்னர் அனுப்பு’ என்று தள்ளிவைக்கலாம், வரிசையில் இடம் போகாது. தவணை முடிந்ததும் புத்தகம் தானே திரும்பிவிடும், அபராதம் கிடையாது. படப் புத்தகங்கள் பலவற்றில் எழுத்தின் அளவை மட்டும் தனியாக மாற்ற முடியாது. கைப்பேசியைவிடப் பலகைக் கணினியில் திறப்பது கண்ணுக்கு நல்லது.

இரண்டு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான கற்றல் செயலி கான் அகாடமி கிட்ஸ் விளம்பரமோ கட்டணமோ இல்லாதது. தமிழ் இல்லை என்பதே குறை.

கதை கேட்ட பிள்ளை அதைத் தானே அசையும் படக்கதையாகச் செய்து பார்க்க ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி போல் வேறொன்று இல்லை. ஐந்திலிருந்து ஏழு வயதுக்கானது, கணக்கு வேண்டாம், நிறுவிய பின் இணையமும் வேண்டாம். ஒரு திட்டத்தில் நான்கு பக்கம் மட்டுமே என்பதால் கதையை நான்கு காட்சியாக முதலில் தாளில் வரையச் சொல்லுங்கள், பிறகு பாத்திரங்களுக்குப் பிள்ளையின் குரலைப் பதியலாம். திட்டங்கள் அந்தக் கருவியில் மட்டுமே இருக்கும். செயலியை அழிக்கும் முன், அல்லது கருவியை மாற்றும் முன், பகிர்வு வசதியால் வேறிடத்துக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.