நகம் கடிக்கிற கையை ஆடவிட்ட எட்டு வாரங்கள்

நினைவு தெரிந்த நாளிலிருந்து நகம் கடிக்கிறேன். கசப்பு மருந்து தடவிப் பார்த்தாயிற்று, விரலுக்கு விரல் பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தாயிற்று, வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. அதனால் உடலசைவும் ஓவியமும் சேர்த்துப் பழைய பழக்கங்களை விடப் பழக்கும் எட்டு வார வகுப்பு என்ற அறிவிப்பைப் பார்த்தபோது, பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர். முடிந்து மூன்று மாதம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் வெறும் பூரிப்புதான் இருந்திருக்கும், அதனால்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

ஆடத் தெரிய வேண்டியதில்லை, வரையவும் தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரமும் நடப்பது, உருள்வது, கைகால்களை உதறுவது, பெரிய தாளில் கரித்துண்டால் இஷ்டத்துக்குக் கிறுக்குவது, இவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம்தான் விஷயம் தொடங்கியது. அவரவர் விட நினைக்கும் பழக்கத்தின் அசைவை எடுத்து, ஒரு நொடியில் முடிகிற அதை ஒரு முழு நிமிடத்துக்கு இழுத்துச் செய்யச் சொன்னார் பயிற்றுநர். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், பாராட்டவோ விளக்கம் சொல்லவோ அவருக்கு அனுமதி இல்லை, முடிந்த பிறகு கண்ணால் கண்டதை மட்டும் சொல்லலாம். (அசைபவர் ஒருவர், சாட்சி ஒருவர் என்ற இந்த முறை, 1950களில் மேரி வைட்ஹவுஸ் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் தொடங்கிய ஆத்தென்டிக் மூவ்மென்ட் என்பதிலிருந்து வந்தது.) கையை மெதுவாக, மிக மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனேன். போகப் போகத் தோள் உள்ளே சுருங்குகிறது, கழுத்து முன்னால் நீள்கிறது, வயிறு இறுகுகிறது, கடைசியில் பார்த்தால் உடம்பு மொத்தமும் அந்த ஒரு விரலைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. எனக்குச் சாட்சியாக இருந்தவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கை கிளம்புவதற்கு முன்னாடியே உங்கள் மூச்சு நின்றுவிட்டது."

இத்தனை வருடம் கையையே காவல் காத்துக்கொண்டிருந்த எனக்கு, பழக்கம் மூச்சில் தொடங்குகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. வேறு எதையும் கற்றுத்தராமல் அனுப்பியிருந்தாலும் இது ஒன்றுக்காகவே நான் அந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

உடனே வரையவும் சொன்னார்கள். எழுதும் கையை விட்டுவிட்டு மற்றக் கையால், ஆயில் பேஸ்டலில். சுருள் சுருளாக ஒரு முடிச்சு வந்தது, அதிலிருந்து ஒரே ஒரு கோடு இறங்கித் தாளை விட்டு வெளியே ஓடியது. அடுத்த வாரம் அந்தக் கோட்டை உடம்பால் செய்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு உள்ளங்கைகளும் மூச்சை விட்டபடி கீழே அழுத்தி இறங்கும் ஓர் அசைவு எனக்குக் கிடைத்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, நகம் கடிப்பது போன்ற பழக்கங்களுக்கு அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இலேயே ஏறத்தாழ இதே வழியைச் சொல்லியிருக்கிறார்கள்: முதலில் பழக்கம் கிளம்பும் தருணத்தைக் கவனிப்பது, அப்புறம் அதோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொரு அசைவை அந்த இடத்தில் வைப்பது. அவர்கள் முறையில் கையை இறுக்கி மூடிக்கொள்வது போன்ற ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அதை நாமே தேடிக் கண்டுபிடித்தோம், அதனாலேயோ என்னவோ எனக்கு மறக்கவில்லை.

சரி, குறைகள். ஆறாவது வாரம் படங்களைக் கிழித்துப் போட்டு "விட்டாச்சு" என்று எல்லோரும் கத்த வேண்டும் என்றார்கள். எனக்கு ஒட்டவே இல்லை. புதிய செயல் ஒன்று பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகலாம் என்று 2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று சொல்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள்தான். கிழிப்பதைவிட அந்தப் படத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தினமும் ஐந்து நிமிடம் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கலாம். வகுப்பு முடிந்த பிறகு தொடர்ச்சி என்று எதுவுமே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

உதவியாளர் ஒருவர், கறுப்பில் வரைந்த ஒருவரிடம் "உங்களுக்குள் கோபம் இருக்கிறது" என்று சொன்னார். அப்படிச் சொல்லவே கூடாது, அந்தக் கறுப்புக்கு என்ன பொருள் என்று வரைந்தவர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு நாள் ஒருவர் தேம்பி அழுதுகொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று விளக்கை அணைக்கப் போனார்கள். உடம்பைக் கிளறினால் பழைய துக்கமும் மேலே வரும், அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா?

அதனால் சேர்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: நடத்துபவர் பயிற்சி பெற்ற நடன சிகிச்சையாளரா, ஓவிய சிகிச்சையாளரா, அல்லது கலையில் ஆர்வம் உள்ளவரா? நடன சிகிச்சை தனிப் படிப்பும் பயிற்சியும் உள்ள தொழில், அமெரிக்காவில் 1966இலேயே அதற்குச் சங்கம் அமைத்துவிட்டார்கள். நான் போனது சிகிச்சை இல்லை, பயிற்சி வகுப்பு. நகம் கடிப்பது, தோளைக் குறுக்குவது, கை சும்மா இருந்தால் போனை எடுப்பது மாதிரியானவற்றுக்கு அது போதும். குடிப்பழக்கம் என்றால் தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள், நாள்பட்டுக் குடிப்பவர் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது எனக்கு எட்டு விரலில் நகம் வளர்ந்திருக்கிறது. கட்டைவிரல் இரண்டும் இன்னும் போராட்டம்தான், அதிலும் அவசர வேலை வரும் நாட்களில் மூச்சு நிற்பது பிடிபடுவதற்குள் விரல் வாய்க்குப் போய்விடுகிறது. வாரம் ஒருமுறை தாளை விரித்து, மற்றக் கையால் அந்தக் கோட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். அடுத்த பிரிவு தொடங்கினால், கிழிக்கும் வாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மறுபடி சேரலாம் என்று இருக்கிறேன்.