மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம்: பணத்தைத் தாண்டிய துணை

அமெரிக்காவில், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில், மேயர்ஹாஃப் தம்பதியரின் நன்கொடையைக் கொண்டு அப்போது அங்கே கல்வி நிர்வாகியாக இருந்த ஃப்ரீமேன் ஹ்ரபோவ்ஸ்கி 1988இல் தொடங்கிய இத்திட்டம், அறிவியலிலும் பொறியியலிலும் கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டம் வரை அழைத்துச் செல்வதற்காக உருவானது. மறு ஆண்டு 19 இளைஞர்களுடன் முதல் குழு அமைந்தது. 1990இல் பெண்களும் சேர்ந்தனர். 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் வாசல் திறந்திருக்கிறது.

உதவித்தொகையைவிட என்னைக் கவர்ந்தது இதன் நடைமுறைதான். வகுப்புகள் தொடங்கும் முன்பே கோடைகாலத்தில் ஆறு வாரம் ஒன்றாகத் தங்கிக் கணிதம் படிப்பவர்கள், பிறகு தனித்தனியே போட்டியிடாமல் குழுவாக அமர்ந்து பாடம் படிக்கிறார்கள். அடிப்படை அறிவியல் பாடத்தில் 'சி' தரம் பெற்றவர், தேர்ச்சி பெற்றிருந்தும், அதே பாடத்தை மறுபடி எடுக்கும்படி ஊக்குவிக்கப்படுகிறார். மாணவர்மீது உண்மையான நம்பிக்கை இருந்தால்தான் இப்படிக் கண்டிப்புக் காட்ட முடியும் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பள்ளியிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கியவர்களைத்தான் இது தேர்ந்தெடுக்கிறது. நல்ல ஆசிரியரே வாய்க்காத பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இங்கே இடம் கிடைப்பது கடினம். ஆயினும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகமும் இதே முறையைப் பின்பற்றித் தங்கள் வளாகங்களில் திட்டங்களை நடத்துகின்றன.