பிளாஸ்மா பூட்டுத்திரை: டிடிபி கடையில் என் அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். என் கணினித் திரையில் எப்போதும் யாருடைய ஆதார் நகலோ, கிரையப் பத்திரமோ திறந்திருக்கும். எதிரே நான்கு பேர் காத்திருப்பார்கள். டீ குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். என் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழல். அதனால் 2023 முதல் பிளாஸ்மாவின் பூட்டுத்திரையை விடாமல் சோதித்து வருகிறேன்.

ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிய ஐந்து விநாடிக்குள் மவுஸை அசைத்தால் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும். அந்தச் சலுகை கடைக்கு ஆகாது என்று முதல் நாளே எடுத்துவிட்டேன். நேரத்தையும் இரண்டு நிமிடமாகக் குறைத்தேன், அங்கேதான் பிசகினேன். கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வருகிறவர்கள் தாய்மாமன் பெயர், சித்தப்பா பெயர் என்று திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். பாதியில் திரை பூட்டிக்கொண்டால் மறுபடி பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்குவார்கள். பழைய ஐந்து நிமிடத்துக்கே திரும்பினேன். எழும்போது விண்டோஸ் விசையுடன் எல் அழுத்துவது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

தமிழில் தட்டச்சு செய்பவருக்குப் பாஸ்வேர்டுப் பெட்டிதான் உண்மையான சோதனை. தமிழ்99 விசைப்பலகையில் இருந்தபடியே பூட்டினால், திறக்கும்போதும் அதுவே இருக்கும். எச் அடித்தால் ‘க’ விழும். கண்ணுக்குத் தெரிவதோ வெறும் புள்ளி. “அண்ணே, சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது” என்று கடைத் தம்பி பதறினான். மூன்று முறை தவறினால் பத்து நிமிடம் கணக்கை மூடிவைக்கும் ஏற்பாடு சில லினக்ஸ் வகைகளில் உண்டு, எங்களுடையதிலும் இருந்தது. மொழி மாற்றும் பொத்தான் கீழே மூலையில் இருக்கிறது. அதைப் பாஸ்வேர்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வெளியானது. சித்திரைத் திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்திருந்த ஏப்ரலில், கடை நேரத்திலேயே அதற்கு மாறினேன். நான் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருந்த அமர்வுக்கு அடியிலேயே நிரல்கள் மாறிவிட்டன. சற்று நேரத்தில் திரை கறுத்தது. பூட்டு பழுதாகிவிட்டதாக ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்துகள். நெஞ்சு படபடத்தது. ஆனால் பூட்டு கெட்டபோதும் யாருடைய பத்திரமும் வெளியே தெரியவில்லை. அன்றுதான் இதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கட்டளை அடிக்கும் வெறும் எழுத்துத் திரைக்குப் போய் உள்நுழைந்து, அந்த அறிவிப்பே சொல்லித்தந்த ‘லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்’ கட்டளையை அமர்வு எண்ணுடன் அடித்தேன். பாதியில் நின்ற நோட்டீஸ் அப்படியே திரும்பி வந்தது.

இப்போது புதுப்பிப்பதெல்லாம் இரவு வாடிக்கையாளர்கள் போன பிறகுதான். கணினியை அணைத்துப் போட்டு, ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே ஷட்டரை இறக்குகிறேன்.