மாடல் 1912-ஆ, மாடல் 12-ஆ?

வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் சிதறுகுண்டுத் துப்பாக்கி) தேடும் அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே துப்பாக்கிதான். 1912-இல் வந்தது, 1919-இல் பெயர் சுருங்கியது.

பெயர்:
1912 – குழலில் நான்கு இலக்கமும் இருக்கும்.
12 – "மாடல் 12" என்று மட்டும்.

எஃகு:
1912 – குழலில் "நிக்கல் ஸ்டீல்" முத்திரை.
12 – முதலில் அதே முத்திரை. 1930-களில் "வின்செஸ்டர் ப்ரூஃப் ஸ்டீல்" ஆனது. ஆகவே முத்திரையே ஓரளவு வயதைச் சொல்லிவிடும்.

தோட்டா அறை:
1912 – தொடக்கத்தில் 20 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) மட்டும்தான், அறை 2½ அங்குலம்.
12 – பிற்காலத்தவற்றில் இன்றைய 2¾ அங்குலம்.
இங்கேதான் ஏமாறுவார்கள். 2¾ தோட்டா பழைய அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், ஏனென்றால் அந்த நீளம் வெடித்து விரிந்த பின் அளந்தது. சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் நுழைய, அழுத்தம் எகிறும். முத்திரையை நம்பாமல், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள். முன்னாள் உரிமையாளர் அறையை நீட்டியும் இருக்கலாம்!

வரிசை எண்:
இரண்டிலும் கழற்றக்கூடிய இரு பாகங்களின் (குழல் பகுதி, உடல் பகுதி) அடியிலும் இருக்கும். பொருந்தாவிட்டால் குழல் மாற்றப்பட்டது என்று அர்த்தம். விலையைப் பேசிக் குறைக்கலாம்.

அலமாரியில் வைத்து ரசிக்க, எண்கள் பொருந்திய 1912. வாத்து வேட்டைக்கோ பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்கோ என்றால், சரி, ப்ரூஃப் ஸ்டீல் மாடல் 12.