இசப்கோலா, நிலாவாரையா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மலச்சிக்கல் என்றால் பெரியவர்கள் முதலில் கேட்பது நிலாவாரைப் பொடியைத்தான். ராத்திரி சாப்பிட்டால் காலையில் வயிறு சுத்தம். அதிலுள்ள சென்னோசைடு என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் அது மருந்தாகிக் குடலைச் சுருங்க வைக்கிறது. 6 முதல் 12 மணி நேரம் பிடிப்பது அதனால்தான். எனக்கு இது இன்றும் வியப்பு: பாதி வைத்தியம் நம் குடல் கிருமிகளுடையது!

இசப்கோல் உமி குடலைத் தூண்டுவதில்லை. நீரை இழுத்துக் கூழாகி மலத்தை இளக்கும். பலன் தெரிய 1 முதல் 3 நாள் ஆகலாம்.

“அவ்வளவு நாள் யாருப்பா காத்திருக்கிறது?” என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

“தினமும் சிக்கல்னா இதுதான் நல்லது பாட்டி. ஒரு கிளாஸ் தண்ணில கலக்கி உடனே குடிச்சிடுங்க, இல்லாட்டி தொண்டையை அடைச்சிடும்.”

என் தேர்வு இசப்கோல்தான். நிலாவாரை எப்போதாவது ஓர் இரவுக்கு. மலத்தில் ரத்தம் தெரிந்தால் இரண்டும் வேண்டாம், நேரே கிளினிக்.