முன் சக்கரத்துக்கு மட்டும் பெரிய பிரேக் மாட்டிவிடுகிறார்கள்: 86 வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை

டொயோட்டா 86, இல்லாவிட்டால் அதே உடம்பு உள்ள சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்கள், அதிலும் சொந்தக் காரை ரேஸ் பாதையில் ஓட்டிப் பார்க்கும் செப்பாங் ட்ராக் டேக்குப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிரேக்கில் கை வையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரளவு பேர் எடுத்த ஒரு ஒர்க்ஷாப், எனக்கு 7,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு, கார் முன்பைவிடத் தள்ளிப்போய் நிற்கும்படி செய்து அனுப்பியது. விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு கடைகளும் செய்கின்றன.

செப்பாங் ரேஸ் ட்ராக்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான இரண்டு நேர்ச்சாலைகள், நடுவில் ஒரு ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. இரண்டின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்க வேண்டும். 86-இல் ஒரிஜினலாக வருவது முன்னால் 294, பின்னால் 290 மில்லிமீட்டர் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டு. சாலைக்கு அது தாராளம். ட்ராக்கில் சில சுற்று போனதும் அந்தத் தட்டை அழுத்தும் பேட் கருகும் வாசனை வரும், பெடல் மெத்தென்று இறங்க ஆரம்பிக்கும். இது சூட்டுப் பிரச்சினை. நிறுத்தும் பலம் குறைவு என்று அர்த்தமில்லை. ஒரிஜினல் பிரேக்கே நான்கு சக்கரத்திலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸைத் தட்டி எழுப்பிவிடும். அதற்கு மேல் ஒரு கார் எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பது டயர் ரோட்டைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

சூட்டைத் தாங்க வேண்டும் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டியது ஆறு பிஸ்டன் கேலிப்பர் (பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), 355 மில்லிமீட்டர் டிஸ்க், முன்னால் மட்டும். "முன்னால மட்டும் மாத்துனா பேலன்ஸ் கெடாதா?" என்று வாட்ஸ்அப்பில் நேராகவே கேட்டேன். "86-க்குன்னே செஞ்ச செட் பாஸ். பின்னால ஒன்னும் தொட வேணாம், மிச்சத்த இபிடி பாத்துக்கும்" என்று பதில் வந்தது. பேலன்ஸ் என்றால் பிரேக் பலம் முன்னுக்கும் பின்னுக்கும் பிரியும் விகிதம், இபிடி என்பது அதைப் பங்கிடும் எலக்ட்ரானிக் அமைப்பு. அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

காரை எடுத்த அன்று பிரேக் பிரமாதமாகத்தான் இருந்தது. லேசாகத் தொட்டாலே மூக்கு கீழே குத்தும். இந்த உணர்வைத்தான் அவர்கள் விற்கிறார்கள். முதல் மழையில் காராக் நெடுஞ்சாலையில் இறங்கி வரும்போது விஷயம் தெரிந்தது. வழக்கமான அளவுக்குத்தான் மிதித்தேன், முன்பக்கம் ஏபிஎஸ் கடகடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. முன்னால் போன லாரி நெருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் காய்ந்த, ஆளில்லாத ஒரு சாலையில், அதே டயரோடு, ஜிபிஎஸ் லாகர் வைத்து 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தேன். பழைய பிரேக்கில் எடுத்து வைத்திருந்த அளவைவிட நாலு மீட்டர் வரை கூடுதலாக ஓடியது.

வேறொரு ஃபோர்மனிடம் கொண்டுபோனேன். ரேஸ் காரில் பல வருஷம் கை வைத்தவர். செப்பாங்கிலிருந்து நேராக வந்த காரின் சக்கரத்தைக் கழற்றி அவர் காட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை. முன் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது, பேட்டின் ஓரம் பொடிந்து உதிர்ந்தது. பின் டிஸ்க்கின் உள்முகத்தில் வட்டமாகத் துரு. ட்ராக்கில் அத்தனை சுற்று சுற்றியும் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்கும் அளவுக்குக்கூடப் பின் பேட் வேலை செய்யவில்லை. அடுத்த முறை ட்ராக்கில் பிட்டுக்கு வந்ததும் வெப்பமானியை நீட்டிப் பார்த்தோம்: முன்னால் 350 டிகிரிக்கு மேல், பின்னால் 120-ஐத் தாண்டவில்லை. சூட்டைக் குறைக்க வாங்கிய சாமான், பின் பிரேக்கின் பங்கையும் சேர்த்து முன்னால் ஏற்றி வைத்திருந்தது.

கேலிப்பரைக் கழற்றினால் இன்னொன்று தெரிந்தது. அது 86-க்குச் செய்ததே இல்லை. எடை கூடிய ஒரு பெரிய காருடையது, பிராக்கெட் துளையை அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறார்கள். வெர்னியர் வைத்து அளந்தோம். ஒரு பக்கத்து மூன்று பிஸ்டன் 36, 40, 44 மில்லிமீட்டர். பரப்பைக் கூட்டினால் ஒரிஜினலைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். ஒரிஜினல் நகரும் வகைக் கேலிப்பர், அதில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் இந்த ஆறு பிஸ்டனிலும் ஒரு பக்கத்து மூன்றைத்தான் ஒப்பிட வேண்டும். "ரெண்டு பிஸ்டன் எங்க, ஆறு பிஸ்டன் எங்க" என்று கடைக்காரர் அடுக்குவதில் ஒன்றும் இல்லை.

இதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றே. சக்கரத்தைப் பிடிக்கும் முறுக்குவிசை என்பது அந்த அழுத்தத்தைப் பிஸ்டன் பரப்பாலும், பேட்டின் உராய்வாலும், டிஸ்க்கில் பேட் உட்காரும் ஆரத்தாலும் பெருக்குவது. பரப்பு 1.3 மடங்கு, ஆரம் சுமார் 1.25 மடங்கு. பெருக்கினால் முன்னால் 1.6 மடங்கு. பின்னால் பழையபடியே. பேச்சுக்கு முன்பின் பங்கு முதலில் 70:30 என்று வைத்தால், இப்போது 79:21. நல்ல கம்பெனிகள் டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது பிஸ்டனைச் சிறிதாக்குவது இதற்காகத்தான். பரப்பு கூடினால் பெடலும் அதிகம் இறங்கும், என் காரில் அதுவும் நடந்தது.

86-க்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவது கஷ்டமில்லை. நிற்கும்போது எடை முன்னால் 53 சதவீதம், பின்னால் 47. புவியீர்ப்பு மையம் 460 மில்லிமீட்டர் உயரம், இரண்டு அச்சுக்கும் இடையே 2570. காய்ந்த ரோட்டில் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான வேகக் குறைப்பு) அளவுக்குப் பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து 71:29 ஆகும். மழையில் 0.4 ஜிதான் கிடைக்கிறது என்றால் 60:40. அதாவது மழையில் பின் சக்கரம் 40 பங்கு வேலை செய்யத் தயாராக இருக்கிறது, பிரேக் அதற்குக் கொடுப்பது 21. மிச்சமெல்லாம் முன் டயரின் தலையில் விழுகிறது, அது வழுக்குகிறது. இந்தக் கார் இத்தனை தாழ்வாக இருப்பதாலேயே பின் பிரேக்குக்கு இதில் நல்ல வேலை உண்டு.

இபிடி பார்த்துக்கொள்ளும் என்பது பச்சைப் பொய். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்றால் பின்னால் போகும் அழுத்தத்தை அது குறைத்துப் பிடிக்கும். காலால் கொடுத்ததைவிட அதிகமாகப் பின்னால் அனுப்புவது அதன் வேலையே இல்லை. முழுப் பலத்தோடு மிதித்தால் பின்னாலும் அழுத்தம் ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும்தான். ஆனால் ஏபிஎஸ் அடித்ததும் பெரும்பாலானவர்களின் கால் அங்கேயே நின்றுவிடும், ட்ராக்கிலோ ஏபிஎஸ் விளிம்பில்தான் பிரேக் பிடிப்போம். போதாததற்கு, ஏபிஎஸ் கம்ப்யூட்டர் ஒரிஜினல் கேலிப்பரை வைத்துச் சீர்செய்யப்பட்டது. அது ஒவ்வொரு முறை அழுத்தத்தை விட்டுப் பிடிக்கும்போதும் இப்போது 1.6 மடங்கு பலம் ஏறி இறங்குகிறது. அந்த முரட்டு அடியிலேயே மீட்டர்கள் போகின்றன.

கடைக்குத் திரும்பிப் போனேன். பணம் தர முடியாது என்றார். "பின்னால ரேஸ் பேட் போட்டுடலாம், சரியாயிடும்" என்று மேற்கொண்டு 900 ரிங்கிட் கேட்டார். எனக்கு அதிகக் கோபம் வந்தது இதற்குத்தான். ரேஸ் பேட் ஆறியிருக்கும்போது ஒரு மாதிரி பிடிக்கும், சூடானபின் வேறு மாதிரி பிடிக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு பேட் இருந்தால் பேலன்ஸ் சுற்றுக்குச் சுற்று மாறும். வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் முதலில் பிடி விட்டால் கார் சுழன்றுவிடும். முன் டயர் வழுக்கினால் நேராகப் போய் நிற்போம், பின் டயர் வழுக்கினால் எங்கே போவோம் என்று தெரியாது. தன் தவறை மறைக்க அதைவிட ஆபத்தான ஒன்றை விற்கப் பார்த்தார்.

டொயோட்டாவும் சுபாருவும் பெரிய பிரெம்போ பிரேக் கொடுத்தபோது முன்னால் 326, பின்னால் 316 மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றினார்கள். முன்னால் நாலு பிஸ்டன், பின்னால் ரெண்டு. கடையில் யாராவது முன்பக்கம் மட்டும் போதும் என்றால், ஒரு பக்கத்து பிஸ்டன் விட்டம், டிஸ்க் அளவு, எந்தக் காருக்குச் செய்த கேலிப்பர், இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

இப்போது ஒரிஜினல் கேலிப்பரையே திரும்ப மாட்டிவிட்டேன். முன்னும் பின்னும் ஒரே கம்பெனியின் ஒரே ரகப் பேட், புது பிரேக் ஆயில், முன் டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய். ஆயிலை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155-லேயே கொதிக்கலாம் என்பதுதான் தர அளவு. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அதை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். எல்லாம் சேர்த்து அந்தக் கிட் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை, செப்பாங்கில் பெடல் கெட்டியாக நிற்கிறது.

பணத்துக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, பிரச்சினை எழுந்து 3 வருஷத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ், பில், ராவிய பிராக்கெட்டின் படம், பிஸ்டன் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். இதே மாதிரி கேலிப்பர் உங்கள் காரில் இருந்தால் மழையில் ஓட்டுவதற்கு முன் பின் டிஸ்க்கின் உள்முகத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனுவுக்கு உதவும்.