ஊசிக்கு முன் நாற்பது நிமிடம்: கோவையில் ஒரு விளையாட்டு அக்குபங்சர் மையம்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் முதல் பத்து அடிகளுக்கு நொண்ட வைத்து, பிறகு ஒன்றுமே நடவாததுபோல அடங்கிவிடும் ஒரு வலியோடு நான்கு மாதங்கள் மாரத்தான் பயிற்சியைத் தொடர்ந்தேன். இடது குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே, கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண் தடித்துப் புடைத்திருந்தது. முதலில் சென்ற ஓர் அக்குபங்சர் மையத்தில் நாடி பார்த்தார்கள். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பன்னிரண்டு அமர்வுகளுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். ஐந்தாவது அமர்வோடு நின்றுவிட்டேன். ஆகவே, ரேஸ் கோர்ஸ் பகுதிக்கு அருகே விளையாட்டுக் காயங்களுக்கென்றே இயங்கும் இந்தச் சிறிய மையத்துக்கு ஓட்டக் குழு நண்பர்கள் என்னை அனுப்பியபோது, பெரிய நம்பிக்கை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

இங்குள்ள மருத்துவர் இயற்கை மருத்துவமும் யோகாவும் பயின்று பட்டம் பெற்றவர். அவரோடு ஒரு பிசியோதெரபிஸ்டும் பணியாற்றுகிறார். முதல் நாள் மருத்துவர் ஊசியைக் கையில் எடுப்பதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச்சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாகவே அசைந்ததைப் பார்த்த பிறகுதான், நாண் அறுந்துவிடவில்லை என்று உறுதியாகச் சொன்னார். அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கச் சொல்லி எண்ணினார். வலது கால் 27 முறை எழும்பியது. இடது கால் 11-லேயே நடுங்கத் தொடங்கியது. நான்கு மாதமாக எனக்குத் தெரியாமல் இருந்த செய்தி அந்த ஓர் எண்ணில் இருந்தது.

பயன்படுத்திய ஊசிகள் 0.25 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. நீளமும் கொண்டவை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய அவற்றின் உறையை என் கண்முன்னே பிரித்தார். நாணுக்குள் அவர் குத்தவில்லை. கெண்டைச்சதையின் இரு பிதுக்கங்களும் முடியும் பள்ளத்தில், சீன மருத்துவர்கள் செங்ஷான் என்று அழைக்கும் புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கியபோது, தூண்டிலை மீன் சுண்டியதுபோல உள்தசை ஒருமுறை வெட்டி அடங்கியது. பின்பு இரண்டு ஊசிகளில் மின்கம்பிகளை மாட்டி, நொடிக்கு இரண்டு துடிப்பு வீதம் 15 நிமிடம் மின்தூண்டல் கொடுத்தார். எட்டு ஊசிகள் குத்தியிருந்தார். எடுக்கும்போது எட்டையும் வாய்விட்டு எண்ணி, கூர்முனைக் கழிவுகளுக்கான பெட்டியில் போட்டார்.

இந்த மையத்தை நான் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகு அவர் சொன்ன வார்த்தையால்தான். ஊசி வலியைக் குறைத்துப் பயிற்சி செய்ய இடம் கொடுக்கும், நாணை வலுவாக்குவது படிப்படியாக ஏற்றும் பளுதான் என்றார். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியைத் தந்தார். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரங்களுக்கு. சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. ஆறு அமர்வுகளுக்குமேல் எனக்கு ஊசி தேவைப்படவில்லை. ஒன்பதாவது வாரத்தில் ஐந்து கிலோமீட்டரை வலியின்றி ஓடினேன். அந்தப் பெருமையில் பெரும்பங்கு படிக்கட்டுக்கு உரியது என்றே கருதுகிறேன்.

காத்திருந்த ஒரு நாளில் கண்ட காட்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். நீண்ட பேருந்துப் பயணம் முடித்து வந்த ஒரு கபடி வீரர், கெண்டைச்சதையில் பிடிப்பு என்று சொல்லி ஊசி கேட்டார். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதைத் தொட்டுணர்ந்த மருத்துவர் ஊசி போட மறுத்து, இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேனுக்கு உடனே அனுப்பிவைத்தார். வருகிறவரை அனுப்பிவிடாமல் வருமானம் பார்க்க நினைக்கும் ஓர் இடத்தில் இது நடந்திருக்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே கட்டிலோடு தொடங்கிய மையம் இது. விளம்பரம் கிடையாது. சனிக்கிழமை விடியற்காலையில் மருத்துவரே மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியாளர்களோடு பேசுகிறார். சிகிச்சை பெறுபவர் சம்மதித்தால், எத்தனை நாள் தாவக்கூடாது, எப்போது வேகமாக ஓடலாம் என்பதைப் பயிற்சியாளருக்குச் சீட்டில் எழுதி அனுப்புகிறார். போட்டிக்குச் செல்பவர்களிடம் ஊசிகளை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அங்குள்ள விதிகளை முன்பே விசாரிக்கும்படி சொல்கிறார். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஊசி விதியை மீறியதாக இரண்டு இந்திய வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டதை நினைத்தால், இந்த எச்சரிக்கை தேவையானதே.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தும் இருமுறை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மாலை ஏழு மணிக்குமேல் நேரம் ஒதுக்குவதில்லை என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிரமம். ஊசி போட்ட மறுநாள் கெண்டைச்சதை கனத்து வலிக்கும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்தேன். ஓர் அமர்வுக்கு 600 ரூபாய், அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும். செல்பவர்கள் பழைய ஓட்டக் காலணியையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் பேச்சையே தொடங்குவார்.